சோறும் ஆளும்: மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கத்தில் கைக்குழந்தைகள் வளர்ந்த வரலாறு

பிறந்து ஆறேழு மாதத்தில் குழந்தை ஆள் பார்க்கத் தொடங்கிவிடும். அதுவரை யார் கை நீட்டினாலும் தாவிய குழந்தை, ஓரிருவரை மட்டும் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். பயந்தால் அவரிடம் ஓடும். அவர் கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் தைரியமாகத் தவழ்ந்து விளையாடும். எழுந்து போனால் அழும். உளவியல் இதைப் பற்றுறவு என்கிறது. அந்த ஆள் பெற்ற தாயாகவே இருக்க வேண்டியதில்லை. பாட்டியாகவோ அக்காவாகவோ பக்கத்து அறைப் பெண்ணாகவோ இருக்கலாம். ஆனால் அதே ஆள் நாள்தோறும் வர வேண்டும், குழந்தை எதற்கு அழுகிறது என்று அவருக்குப் பிடிபட வேண்டும். பாலும் துணியும் கூரையும் இருந்து, அப்படி ஓர் ஆள் மட்டும் இல்லாமல் போனாலும் அது கடுமையான புறக்கணிப்புதான். அதன் தடம் பேச்சிலும் கவனத்திலும் மனிதரை நம்பும் திறனிலும் பல ஆண்டுகள் கிடக்கும்.

மும்பையில் இந்த விஷயத்தின் நூறாண்டு வரலாற்றைப் படிக்க மாட்டுங்கா லேபர் கேம்ப் நல்ல இடம். மத்திய ரயில் பாதைக்கும் மேற்கு ரயில் பாதைக்கும் நடுவே, தாராவியை ஒட்டிக் கிடக்கும் தொழிலாளர் குடியிருப்பு அது. மராத்தி தலித் மக்கள், வடக்கிலிருந்து வந்த வால்மீகிகள், திருநெல்வேலிச் சீமைத் தமிழர்கள் என்று பலரும் அடுத்தடுத்த வரிசைகளில் குடியிருந்தார்கள். மாநகராட்சித் துப்புரவு வேலை, தோல் பதனிடும் கூடங்கள், பஞ்சாலை, பிற்காலத்தில் வீட்டு வேலை என ஆணும் பெண்ணும் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும். மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே குடியிருந்ததும் இங்கேதான். அவரும் அமர் ஷேக்கும் கவாண்கரும் 1944இல் தொடங்கிய லால் பாவ்டா கலைக்குழு தொழிலாளரின் கூலியையும் உரிமையையும் மேடையேற்றியது. தாராவித் தமிழர்கள் 1913இல் பிள்ளையார் கோயில் கட்டினார்கள். 1924இல் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூட வயது வராத குழந்தைக்குத்தான் எந்தக் கட்டடமும் இல்லை.

அந்தக் குழந்தைகள் பகல் முழுக்க எப்படி இருந்தார்கள் என்பதற்குப் பழைய சான்று பஞ்சாலை வட்டாரத்திலிருந்து கிடைக்கிறது. நூல் சுற்றும் பிரிவுகளில் வேலை பார்த்த பெண்கள், விடிவதற்குள் குழந்தைக்கு ஒரு சிறு உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மராத்தியில் பாள் கோளி என்று பெயர் பெற்ற அந்த உருண்டையில் இருந்தது அபின். ஆலைப் பெண்களின் பேறுகாலத்தைப் பற்றி 1922இல் அறிக்கை தந்த பெண் மருத்துவர் பார்ன்ஸ், அவர்களுடைய குழந்தைகளில் நூற்றுக்கு 98 பேருக்கு அபின் கொடுக்கப்படுவதாக எழுதினார். தாய்மார்களின் அறியாமை என்று அந்தக் காலத்துக் கனவான்கள் இதை ஒதுக்கிவிட்டார்கள். பத்து மணி நேரம் வெளியே நிற்க வேண்டியவளுக்கு, பூட்டிய அறைக்குள் தொட்டிலிலிருந்து விழாமல், தணலைத் தொடாமல் குழந்தை கிடக்க வேறு வழி எது என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அபினின் கேடு உடலோடு நிற்கவில்லை. கைக்குழந்தைக்கு அழுகைதான் பேச்சு. அழுதால் ஆள் வரும், வந்தால் பசி தீரும் என்ற கணக்கை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்துப் பார்த்துத்தான் அது மனிதரை நம்பக் கற்றுக்கொள்கிறது. மயக்கத்தில் கிடக்கும் குழந்தை அழுவதில்லை. கூப்பிடாததால் யாரும் வருவதும் இல்லை. 1921இல் பம்பாயில் பதிவான 1000 பிறப்புக்கு 600க்கு மேல் சிசு மரணங்கள் பதிவாயின. பிரசவத்துக்குத் தாய்மார்கள் ஊருக்குப் போனதால் பிறப்பு அங்கேயும் இறப்பு இங்கேயும் பதிவாகி அந்த எண் ஓரளவு ஊதிப்போனது உண்மை. அதைக் கழித்தாலும் மீதி பயங்கரமானதே. பிழைத்த குழந்தைகளின் மனம் என்ன ஆனது என்பது எந்தப் பதிவேட்டுக்கும் பொருளாக இருக்கவில்லை.

சட்டம் மெல்ல வந்தது. பேறுகாலச் சலுகைக்கான முதல் சட்டத்தை 1929இல் இந்தியாவில் கொண்டுவந்தது பம்பாய் மாகாணம். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்கச் சொல்லலாம் என்று 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. 1976இல் 50 என்பது 30 ஆகக் குறைந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது ஆலை வாசல் மட்டும். தெருக்கூட்டும் பெண்ணுக்கு ஆலை இல்லை. பாத்திரம் தேய்க்கப் போகிறவளுக்கு நான்கு வீடு, நான்கு முதலாளி. தாராவியில் விடிகாலை இட்லி அவித்து விற்க அனுப்பும் குடும்பத்துப் பெண் வீட்டிலேயேதான் இருப்பாள், கை மட்டும் ஒழியாது. லேபர் கேம்ப்பில் பெரும்பாலான தாய்மார்கள் இந்த மூன்று வகைக்குள் அடங்குவார்கள்.

அரசு கைவிட்ட இடத்தில் குடியிருப்பே ஒரு ஏற்பாட்டைச் செய்துகொண்டது. பத்துக்குப் பத்து அறைகள் வரிசையாக நிற்கும் சாலில் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். வேலைக்குப் போகிறவள் குழந்தையை எதிர் அறையில் விட்டுவிட்டுப் போவாள். வயதான ஒரு பெண் நான்கைந்து குழந்தைகளை வாசலில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கேட்பாரற்ற கூட்டமாகத் தெரியும் இடத்தில், குழந்தைக்குத் தன்னுடைய ஆட்கள் யார் யார் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும். உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் 1954–55இல் உகாண்டாவின் கிராமங்களில் 26 குடும்பங்களைக் கவனித்தபோது, பலர் கையில் வளரும் குழந்தையும் ஓரிருவரிடம் உறுதியான பற்றை வளர்த்துக்கொள்வதைக் கண்டார். எத்தனை பேர் தூக்கினார்கள் என்பதைவிட, தூக்கியவர்கள் மாறாமல் இருந்தார்களா, குழந்தையின் குறிப்பை அறிந்தார்களா என்பதே அங்கே முக்கியமாகத் தெரிந்தது. வறுமையையும் புறக்கணிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் பழக்கம் இன்றும் அலுவலகங்களில் உண்டு. சாலின் வாசல் அதற்கு நல்ல மறுப்பு.

அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலை இருந்தது. பெரும்பாலும் அதைக் கொடுத்தவள் அக்கா. எட்டு, ஒன்பது வயதுப் பெண் இடுப்பில் தம்பியோடு நின்றால் அவளுடைய பள்ளிப்படிப்பு அதோடு முடிந்தது. இன்னொரு வழி, குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிடுவது. பால் மறந்ததும் திருநெல்வேலிப் பக்கம் ரயிலேற்றி, பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில் திருப்பி அழைத்து வருவார்கள். பாட்டியிடம் வளர்ந்த ஆண்டுகள் குழந்தைக்கு நல்ல ஆண்டுகளாகவே இருக்கும். ஆனால் அது இரண்டு தடவை ஆளை இழக்கிறது: ஒன்றரை வயதில் அம்மாவை, ஐந்து வயதில் பாட்டியை. இரண்டாவது பிரிவை யாரும் பிரிவாகவே எண்ணுவதில்லை, பெற்றவளிடம்தானே வருகிறது என்பார்கள். வந்த பிள்ளை அம்மாவிடம் ஒட்டாமல் மூலையில் உட்காருவதைப் பிடிவாதம் என்று அடிப்பதும் உண்டு. இது கடும் புறக்கணிப்பு ஆகாது. இடைவெளியில் ஆள் இருந்ததால், பொறுமையாக விட்டுப்பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உண்மையான கேடு ஆளே இல்லாத இடத்தில் நடந்தது. அந்த இடம் பெரும்பாலும் சுத்தமாகவும் ஒழுங்காகவும் இருந்தது. தாய் இறந்தோ, தகப்பன் ஓடிப்போயோ, நோயிலோ, குடியிலோ ஒரு குடும்பம் உடைந்தால் குழந்தை போய்ச் சேரும் இல்லங்கள் லேபர் கேம்ப்பிலிருந்து எட்டாத் தூரத்தில் இல்லை. குற்றம் செய்த சிறுவர்களுக்காக டேவிட் சசூன் பெயரில் 1857இல் தொடங்கிய சீர்திருத்தப் பள்ளி மாகிம் பக்கத்தில் இருக்கிறது. ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிரத்தானந்த மகிளாசிரமம் மாட்டுங்காவிலேயே உண்டு. சென்னை மாகாணம் 1920இலும் வங்கம் 1922இலும் சிறுவர் சட்டம் இயற்றிய பிறகு, பம்பாய் 1924இல் தன்னுடையதை இயற்றியது. அதை நடத்த 1927இல் சில்ட்ரன்ஸ் எய்டு சொசைட்டி உருவானது. டோங்கிரியில் அதன் இல்லம் அமைந்தது பழைய உமர்காடி சிறைச்சாலைக்குள். மான்கூர்டின் பெரிய இல்லங்களையும் அதே சொசைட்டிதான் நடத்துகிறது.

இந்தச் சட்டங்கள் குழந்தையைப் பசியிலிருந்தும் தெருவிலிருந்தும் மீட்டன. அது சிறிய காரியமில்லை. ஆனால் அவற்றின் கற்பனையில் இருந்தது பெரிய கூடம், வரிசைக் கட்டில், மணியடித்தால் சாப்பாடு, முறை மாறும் ஆயாக்கள். அதே பம்பாயில் அதே காலத்தில் வேறொரு சிந்தனையும் முளைத்தது. கிளிஃபோர்டு மான்ஷார்ட் 1936இல் நாக்பாடாவில் தொடங்கிய சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி, அடுத்த ஆண்டே குழந்தை வழிகாட்டு மருத்துவமனை ஒன்றைத் திறந்தது. இந்தியாவில் அதுதான் முதல். திருட்டும் பிடிவாதமும் படுக்கையில் சிறுநீர் போவதும் பிள்ளையின் குணக்கேடு அல்ல, அதன் வீட்டுக் கதையைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் இந்த நகரத்துக்குள் வந்தது. அந்தப் பள்ளிதான் 1954இல் செம்பூரை அடுத்த தேவ்னாருக்குப் போன டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்.

லண்டனில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி இதே வழியில் யோசித்துக்கொண்டிருந்தார். தன்னிடம் வந்த 44 திருட்டுச் சிறுவர்களைப் பற்றி 1944இல் எழுதியபோது, அவர்களில் 14 பேரை யாரிடமும் பாசம் வைக்காதவர்கள் என்று பிரித்தார். அந்த 14 பேரில் 12 பேர் சிறு வயதில் தாயை நெடுநாள் பிரிந்தவர்கள். மற்ற 30 பேரில் அப்படிப்பட்டவர்கள் 5 பேர்தான். மறு ஆண்டு இன்னொரு மனநல மருத்துவரான ரெனே ஸ்பிட்ஸ் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று பெண்கள் சிறையை ஒட்டிய குழந்தைகள் பகுதி. அங்கே கைதித் தாய்மார்களே தங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றது நோய்க்கிருமிக்குப் பயந்து மிகச் சுத்தமாக நடத்தப்பட்ட அநாதை இல்லம். அங்கே ஏறக்குறைய எட்டுக் குழந்தைக்கு ஒரு செவிலி. இரண்டு ஆண்டுகளில் இல்லத்தின் 91 குழந்தைகளில் 34 பேர் இறந்தார்கள். சிறைக் குழந்தைகள் ஓடி விளையாடினார்கள். உமர்காடியில் சிறை இல்லமான கதையோடு இதைச் சேர்த்துப் படிக்கும்போது, கட்டடத்தின் பெயர்ப்பலகை எவ்வளவு அற்பமானது என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனத்துக்காக பௌல்பி 1951இல் எழுதிய அறிக்கை இவற்றைத் தொகுத்தது. தாயை வீட்டோடு கட்டிப்போட அதைப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அந்த அறிக்கையே தாய்க்குப் பதிலாக நிலையான வேறொருவர் இருக்கலாம் என்றும் சொன்னது. அதை மேற்கோள் காட்டியவர்கள் குறைவு.

மீட்சி சாத்தியமா என்ற கேள்விக்கு நம்பகமான விடை ருமேனியாவிலிருந்து வந்தது. அந்த நாட்டின் சர்வாதிகாரி சௌஷெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்ததால் பெருகிய குழந்தைகள் அரசு இல்லங்களில் நிரம்பினார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்த பிறகு உள்ளே போனவர்களைத் திடுக்கிட வைத்தவற்றில் ஒன்று அங்கிருந்த அமைதி. அழுது பயனில்லை என்று கற்றுக்கொண்ட குழந்தைகள் அழுவதை நிறுத்தியிருந்தார்கள். பம்பாயில் அபின் செய்த வேலையை அங்கே வெறும் ஆளில்லாமையே செய்திருந்தது.

புக்கரெஸ்டில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகியோர் 2001இல் 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: 68 பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், 68 பேர் இல்லத்தில் தொடர்ந்தார்கள். மூன்றரை வயதில் பார்த்தபோது வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர்களில் 49 சதவீதத்தினரிடம் உறுதியான பற்றுறவு இருந்தது. இல்லத்தில் 18 சதவீதம். சொந்தக் குடும்பத்தில் வளரும் குழந்தைகளிடம் 65. அறிவு வளர்ச்சியில், இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். பிந்திப் போனவர்களின் முன்னேற்றம் குறைவு. மூளையின் மின்னலைகளிலும் அந்த வேறுபாடு பதிவானது. கவனக் குறைவும் படபடப்பும் மட்டும் எளிதில் விடவில்லை.

ருமேனியாவிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப்போன 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டரின் குழு அவர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் மற்றவர்களைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இல்லத்தில் கிடந்தவர்களிடம் கவனச் சிதறலும், முன்பின் தெரியாதவரோடு தயக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் வழக்கமும் பெரியவர்களான பின்பும் தொடர்ந்தன. இந்த இரண்டாவது அறிகுறியை இல்லங்களுக்கு வரும் விருந்தினர்கள் எங்கும் தப்பாகவே படிக்கிறார்கள். வாசலிலேயே ஓடிவந்து கையைப் பிடித்து மடியில் ஏறும் மூன்று வயதுக் குழந்தையைப் பாசக்காரப் பிள்ளை என்று மெச்சுவார்கள். தனக்கென்று ஆள் உள்ள குழந்தை புது முகத்தைக் கண்டால் முதலில் ஒளிந்துகொள்ளும். ஆனாலும் அந்த ஆய்வில் அறிவுத்திறன் குறைபாடு இளம் வயதுக்குள் பெருமளவு மறைந்திருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் இல்லத்தில் இருந்தவர்களிலும் ஐந்தில் ஒருவர் எந்தப் பெரிய சிக்கலும் இல்லாமல் வளர்ந்திருந்தார். காலம் முக்கியம், ஆனால் எந்த வயதிலும் கதவு முழுதாகச் சாத்தப்படுவதில்லை என்றே இந்த எண்களைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ருமேனியாவை இந்தியாவோடு நேராகப் பொருத்த முடியாது. தில்லியில் இதற்கு நெருக்கமான ஒரு சிறு ஆய்வு உண்டு. 2002இல் தனேஜாவும் ஜேக்கப் புலியேலும் சகாக்களும் வெளியிட்ட அந்த ஆய்வில், ஓர் அநாதை இல்லத்தின் 30 சிறு குழந்தைகளோடு நாளுக்கு 90 நிமிடம் முறையாக விளையாடினார்கள். சாப்பாடு கூடவில்லை, கட்டடம் மாறவில்லை. மூன்று மாதத்தில் அசைவிலும் அறிவிலும் வளர்ச்சி அளவுகள் உயர்ந்தன. ஜமைக்காவில் 1986–87இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நீண்டது. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலருக்குச் சத்துணவு தரப்பட்டது. சிலரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒருவர் போய், குழந்தையோடு விளையாடத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார். இருபது ஆண்டு கழித்து, அப்படி விளையாட்டுப் பெற்றவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடியிருந்தது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை.

தாராவியில் அரசு தேர்ந்த வழி சத்துணவு. 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியபோது, நகரச் சேரிகள் அவற்றில் நான்குதான். மகாராஷ்டிரத்துக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று அமராவதி மாவட்டத்து மலைப்பகுதியான தார்ணி, மற்றது தாராவி. அங்கன்வாடியை இந்தப் பக்கத்துத் தமிழர்கள் பால்வாடி என்பார்கள். சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஆலோசனை, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகள் வகுக்கப்பட்டன. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தை காலையில் சில மணி நேரம் வந்து பாட்டுப் பாடி, சாப்பிட்டுப் போகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எடை பார்ப்பார்கள், வீட்டுக்கு மாவுப் பொட்டலம் கொடுத்தனுப்புவார்கள். பற்றுறவு உருவாகும் வயதும் தாய்க்கு ஆள் தேவைப்படும் வயதும் இந்த இரண்டாவது பிரிவுதான். எடை அட்டையின் கோடுகளைப் பற்றிப் பால்வாடி டீச்சர் மேலே பதில் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை யாரைக் கண்டால் சிரிக்கிறது என்று யாரும் அவரைக் கேட்பதில்லை.

ஆளைக் கொடுக்க முயன்றவர்களும் இருந்தார்கள். மீரா மகாதேவன் 1969இல் தில்லியில் கட்டட வேலைத் தலத்தில் தொடங்கிய மொபைல் கிரெஷ் என்ற நடமாடும் குழந்தைக் காப்பகம், 1972இல் மும்பைக்கு வந்தது. சித்தாள் பெண்ணின் குழந்தை சிமெண்டுத் தூசியிலிருந்து தள்ளி, ஆயா மடியில், தாய் பால் கொடுக்க வந்துபோகும் தூரத்தில் இருந்தது. கட்டடம் முடிந்தால் கிரெஷும் நகரும் என்பது அதன் பலமும் பலவீனமும். லேபர் கேம்ப்புக்கு மிக அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி சயான். அங்கே பச்சிளங்குழந்தை மருத்துவர் அர்மீடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி என்று அது பேசப்பட்டது. 1999இல் அவர் தொடங்கிய ஸ்னேஹா அமைப்பு, தாராவியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போனது. எடைக்காகவே போனாலும், அதே பெண் மீண்டும் மீண்டும் வந்து குழந்தையைப் பெயர் சொல்லித் தூக்குவது எடைக்கு அப்பாலும் ஒரு வேலையைச் செய்யும்.

இல்லங்களின் பக்கம் மாற்றம் நீதிமன்றம் வழியே வந்தது. லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறை வகுத்தபோது, குழந்தைக்குக் குடும்பம்தான் முதல் இடம் என்பதை அடிப்படையாக வைத்தது. தமிழ்நாட்டில் 1992இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் பெண் சிசுக்களின் உயிரைக் காக்க முனைந்தது. தொட்டிலில் விழுந்த குழந்தை எத்தனை மாதத்தில் ஒரு வீட்டைச் சேரும் என்ற கேள்வி அதற்குப் பின்னால் நின்றது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வளர்ப்புக் குடும்பத்துக்குத் தனிப் பிரிவே ஒதுக்கியது. மகாராஷ்டிரத்தில் பால் சங்கோபன் என்ற திட்டம், குழந்தையை இல்லத்துக்கு அனுப்பாமல் உறவினரிடமோ வேறு குடும்பத்திடமோ வைத்திருக்க மாதப் பணம் தருகிறது. பல காலம் 425 ரூபாயாகக் கிடந்த தொகை 1100 ஆகி, பிறகு 2250 ஆனது. தாய் இறந்த குழந்தையைத் தன் அறையில் வைத்துக்கொள்ளும் சித்திக்கோ பாட்டிக்கோ இந்தப் பணம் முழுச் செலவுக்குக் காணாது. ஆனால் மான்கூர்டா, எதிர் வரிசையா என்று முடிவு செய்யும் நாளில் அதன் எடை கூடும்.

2022இல் பால்னா என்ற பெயரில் அங்கன்வாடியோடு கிரெஷைச் சேர்க்கும் ஏற்பாடு வந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை நாள் முழுக்க வைத்துக்கொள்வது அதன் நோக்கம். துப்புரவு வேலைக்கு விடியற்காலையில் கிளம்பும் பெண்ணுக்கு அது உதவ வேண்டுமானால் கதவு அவள் நேரத்துக்குத் திறக்க வேண்டும். அங்குள்ள ஆயாவும் மாதத்துக்கு ஒருவராக மாறாமல் இருக்க வேண்டும். அதற்கு ஆயாவின் சம்பளம் அவர் தங்கும் அளவுக்கு இருந்தாக வேண்டும்.